வண்டியில் போன ஆராய்ச்சி நிலையம்

நிலக்கடலையோடு சேர்த்து உலகம் நினைவில் வைத்திருக்கும் விஞ்ஞானி ஒருவர் உண்டு. அவர் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலையில் இருந்து 300 பொருள்கள் செய்தவர் என்றுதான் பெரும்பாலும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். ரொட்டியில் தடவும் கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று எழுதுவோர் உண்டு. அது சரியல்ல. கடலை விழுது செய்யும் முறைக்கு 1884-லேயே வேறொருவர் காப்புரிமை பெற்றுவிட்டார். அப்போது கார்வர் கல்லூரியில்கூடச் சேர்ந்திராத இளைஞர்.

அவர் செய்த பெரிய வேலை வேறு. எழுதப் படிக்கத் தெரியாத, கையில் காசில்லாத, சொந்த நிலமும் இல்லாத விவசாயிகளிடம் ஆராய்ச்சிக்கூடத்து அறிவைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை அவர்கள் மொழியில், அவர்கள் கையில் இருக்கும் பொருளை வைத்தே சொன்னார். வேளாண் விரிவாக்கம் என்று இன்று நாம் சொல்லும் பணிக்கு முன்னோடிகளில் ஒருவர் அவர். அந்தப் பணியில் அவர் எவ்வளவு வென்றார், எங்கே தடைப்பட்டார் என்பது விவசாயிகளும் களப்பணியாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

தாயை இழந்த பிள்ளை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற சிற்றூருக்கு அருகே, 1864-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்தார். சரியான தேதி எங்கும் பதிவாகவில்லை. அடிமைகளின் பிள்ளைகளுக்கு அன்று யார் பதிவேடு எழுதினார்கள்? அவருடைய தாய் மேரி, மோசஸ் கார்வர் என்ற விவசாயியிடம் அடிமையாக இருந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஆள் கடத்தும் கும்பல் ஒன்று தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. தாய் என்ன ஆனார் என்பது கடைசி வரை தெரியவில்லை.

அடிமை முறை ஒழிந்த பின் மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணனையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். கக்குவான் இருமலால் நலிந்த பிள்ளை என்பதால் அவனைக் காட்டு வேலைக்கு அனுப்பவில்லை. வீட்டு வேலையும் தோட்ட வேலையும் அவன் பங்குக்கு வந்தன. துவைக்க, சமைக்க, தைக்கக் கற்றுக்கொண்டான். காட்டிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து ரகசியமாக ஒரு தோட்டம் போட்டான். வாடிய செடியைத் தேற்றத் தெரிந்தவன் என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கினான். சமையலும் தையலும் தெரிந்திருந்தது பின்னாளில் பெரிதும் பயன்பட்டது. விவசாயக் குடும்பத்தில் ஒரு விளைபொருள் அடுப்படி வரை எப்படிப் போகிறது என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. படிப்புக்காக நியோஷோ என்ற ஊருக்குப் போனார். மரியா வாட்கின்ஸ் என்ற மருத்துவச்சியின் வீட்டில் தங்கி, வீட்டு வேலை செய்துகொண்டே படித்தார். பிறகு கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகப் போய்ப் படித்தார். சலவை செய்தும் சமைத்தும் பிழைத்தார். 1879-இல் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில், வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பினத்தவர் ஒருவரைக் கொன்றதைக் கண்டு அந்த ஊரை விட்டே வெளியேறினார்.

கல்லூரி வாசலில்

ஹைலண்ட் என்ற கல்லூரிக்குத் தபாலில் விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. நேரில் போனபோது, கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனம் உடைந்து சில ஆண்டுகள் கான்சாஸ் புல்வெளியில் அரசு நிலம் பெற்று விவசாயம் பார்த்தார். 1890-இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்தது ஓவியமும் இசையும். அவர் வரைந்த செடிகளைப் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட், இவர் படிக்க வேண்டியது தாவரம்தான் என்று முடிவு கட்டினார். அந்த ஆசிரியையின் தந்தை ஏம்ஸ் நகரில் உள்ள அயோவா வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். 1891-இல் கார்வர் அங்கே சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். லூயிஸ் பேமல் என்ற தாவரவியல் பேராசிரியரிடம் பயிர்களைத் தாக்கும் பூஞ்சாண நோய்களைப் பற்றிக் கற்றார்.

அங்கேயே இருந்திருந்தால் பூஞ்சாண ஆய்வில் பெயர் பெற்று, நல்ல கூடத்தில், நல்ல சம்பளத்தில் வாழ்ந்திருக்கலாம். 1896-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் இருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின இளைஞர்களுக்காக 1881-இல் அங்கே ஒரு கல்வி நிலையம் தொடங்கியிருந்தார். கார்வர் போனார். இறக்கும் வரை 47 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

பருத்தி தின்ற மண்

டஸ்கீகியில் ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடுகளில் காலி பாட்டில், ஜாடி, கம்பி, பழைய விளக்கு என்று பொறுக்கி வந்து கருவிகள் செய்தார். 1897-இல் அலபாமா சட்டமன்றம் அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் அமைக்க அனுமதித்து, ஆண்டுக்கு 1,500 டாலர் ஒதுக்கியது. மாநில ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கூட்டாட்சி அரசு கொடுத்த தொகை ஆண்டுக்கு 15,000 டாலர். கார்வருக்குக் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

சுற்றுவட்டார நிலங்களின் நிலையோ இன்னும் மோசம். பல தலைமுறையாகப் பருத்தி, பருத்தி, மறுபடியும் பருத்தி. மணற்பாங்கான மேட்டு நிலத்தில் மேல்மண் மழையோடு அடித்துப் போய், நிலமெங்கும் ஓடைப் பள்ளங்கள். மண்ணில் மட்கு இல்லை, தழைச்சத்து இல்லை. விளைச்சல் குறையக் குறைய, கடன்பட்டாவது உரம் வாங்கிப் போட வேண்டியிருந்தது. அந்தக் கடனை அடைக்க மீண்டும் பருத்திதான்.

சாப்பாட்டிலும் அதன் விளைவு தெரிந்தது. வீட்டு வாசல் வரை பருத்தி நட்டதால் காய்கறிக்கு இடமில்லை. கொழுத்த பன்றி இறைச்சி, மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு. ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டு முழுதும் பெரும்பாலும் இவைதான். தோல் வெடித்து, வயிறு கெட்டு, மனமும் கலங்கும் பெல்லக்ரா என்ற சத்துக்குறை நோய் அந்தப் பகுதிகளில் பரவலாக இருந்தது.

ஜெர்மனியில் கண்டது, அலபாமாவில் சொன்னது

பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் இதைச் சோதனை மூலம் நிறுவியது 1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளில்தான். கார்வர் டஸ்கீகிக்கு வந்தபோது அந்தக் கண்டுபிடிப்புக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

அந்தப் புத்தம்புது அறிவை எடுத்துக்கொண்டு, தட்டைப்பயறு விதையுங்கள் என்று விவசாயிகளிடம் போனார். பருத்தி ஒரு பருவம், தட்டைப்பயறோ நிலக்கடலையோ மறு பருவம் என்று பயிர் சுழற்சியைச் சொன்னார். சர்க்கரைவள்ளியையும் அதில் சேர்த்தார். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடவும் ஆழ உழவும் சொன்னார்.

உர விஷயத்தில் அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். ரசாயன உரத்தின் பயன் அவருக்குத் தெரியும். வாங்கப் பணமில்லாத விவசாயிக்கு அதைப் பரிந்துரைத்து என்ன பயன்? காட்டில் விழும் இலைச்சருகு, சதுப்பு நிலத்தின் அடிச்சேறு, மாட்டுத் தொழுவக் குப்பை ஆகியவற்றைச் சேர்த்து மட்கவைத்துப் போடும் முறையைத் தன் சோதனை நிலத்திலேயே செய்து பார்த்தார். நம் ஊரில் ஏரி வண்டல் அடித்து நிலத்துக்குப் போடுகிறோமே, அதே அறிவுதான். பணம் கேட்காத, உழைப்பை மட்டும் கேட்கும் பரிந்துரை அது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பயறு விதைத்தாலே மண் வளம் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலக்கடலையை வேரோடு பிடுங்கி, கொடியையும் மாட்டுக்குப் போட்டுவிட்டால் தழைச்சத்தில் பெரும்பகுதி நிலத்தை விட்டுப் போய்விடும். தட்டைப்பயறைக் காய் பறித்த பின் மடக்கி உழுதால்தான் மண்ணுக்கு உண்மையான வரவு. கொடியை மாட்டுக்குப் போட்டாலும், சாணமாகவாவது அது திரும்ப அந்த வயலுக்கு வர வேண்டும்.

ஒரே வெளியீட்டில் மூன்று பேருக்குச் செய்தி

1898-இல் அவருடைய முதல் சிறுவெளியீடு வந்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. காட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஓக் மரக் கொட்டைகளைக் கால்நடைத் தீவனமாக்குவது எப்படி என்பதுதான் பொருள். வாழ்நாளில் இப்படி 44 வெளியீடுகள் எழுதினார். தேய்ந்துபோன மண்ணைத் தேற்றுவது, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, தக்காளி, உணவாகும் களைச்செடிகள் என்று ஒவ்வொன்றும் ஒரு விவசாயக் குடும்பத்தின் அன்றாடத் தேவை.

அவற்றை அவர் எழுதிய முறையைக் கவனிக்க வேண்டும். விவசாயிக்குச் சாகுபடி முறை, பள்ளி ஆசிரியருக்குப் பயிரைப் பற்றிய விளக்கம், வீட்டுப் பெண்ணுக்குச் சமையல் முறை. இந்த மூன்றையும் கருத்தில் வைத்து எழுதினார். காரணம் எளிது. புதுப் பயிரை வயலில் போடச் சொன்னால் மட்டும் போதாது. விளைந்ததை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பயிர் இருக்காது. 1916-இல் வந்த நிலக்கடலை வெளியீட்டில் சாகுபடிக் குறிப்புகளோடு 105 சமையல் முறைகள் இருந்தன. 1918-இல் வந்த தக்காளி வெளியீட்டில் 115.

1911-இல் வந்த ஒரு வெளியீடு சுவருக்கு வண்ணம் பூசுவது பற்றியது. கடையில் வாங்க முடியாதவர்கள் அந்த மாவட்டத்தின் பலநிறக் களிமண்ணைக் கரைத்து வண்ணமாக்கும் முறையை அதில் சொன்னார். ஓவியரும் விஞ்ஞானியும் சேர்ந்து எழுதிய வெளியீடு அது.

வண்டி கிளம்பியது

படிக்கத் தெரிந்தவருக்கு வெளியீடு. தெரியாதவருக்கு? டஸ்கீகியில் மாதந்தோறும் உழவர் கூட்டம் நடத்தினார். மண்ணையும் தண்ணீரையும் கொண்டுவந்தால் சோதித்துச் சொன்னார். அங்கே வர முடியாதவர்களைத் தேடி வார இறுதிகளில் தானே ஊர்களுக்குப் போனார்.

1906 மே மாதம் அந்த முயற்சி முழு வடிவம் பெற்றது. நியூயார்க் வங்கியாளர் மோரிஸ் ஜெசப் கொடுத்த பணத்தில் ஒரு வண்டி செய்தார்கள். ஏர், பரம்பு, விதைக்கும் கருவி, விதைகள், உர மாதிரிகள், பால் கடையும் கருவி எல்லாம் அதில் ஏறின. ஜெசப் வண்டி என்று அதற்குப் பெயர். ஊருக்குள் போய் ஒரு விவசாயியின் நிலத்திலேயே நிறுத்தி, அங்கேயே உழுது, விதைத்துக் காட்டுவார்கள். தன் மண்ணில், தன் கண் முன்னே நடப்பதைப் பார்த்தவனுக்குத் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆண்டின் இறுதியிலேயே, டஸ்கீகியில் படித்த தாமஸ் கேம்ப்பெல் என்ற இளைஞரை அமெரிக்க வேளாண் துறை களப்பணியாளராக நியமித்து வண்டிப் பணியை ஒப்படைத்தது. அத்துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளர் அவர். 1918-இல் வண்டிக்குப் பதிலாக மோட்டார் லாரி வந்தது. மனையியல் பணியாளரும் செவிலியரும் அதில் சேர்ந்து போனார்கள். அமெரிக்கா முழுவதற்குமான விரிவாக்கப் பணிச் சட்டம் நிறைவேறியது 1914-இல்தான். ஜெசப் வண்டி அதற்கு எட்டு ஆண்டுகள் முந்தியது.

குறுக்கே நின்ற கடன்

இவ்வளவு செய்தும் எல்லா விவசாயிகளும் மாறினார்களா? இல்லை. அதற்குக் காரணம் அவர்களின் அறியாமையும் அல்ல, சோம்பலும் அல்ல.

பெரும்பாலானோர் வாரத்துக்கு உழுதவர்கள். நிலம் வேறொருவருடையது. விதை, உரம், உணவு எல்லாம் கடைக்காரர் கடனாகக் கொடுத்தவை. விளையப்போகும் பயிர்தான் அடமானம். அந்தப் பயிர் பருத்தியாக இருக்க வேண்டும் என்பது நிலக்காரரும் கடைக்காரரும் வைத்த விதி. பருத்திக்கு நிச்சயமான சந்தை உண்டு. தட்டைப்பயறுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? பயிர் சுழற்சி நல்லது என்று மனதார ஒப்புக்கொண்ட விவசாயிக்குக்கூட, எதை விதைப்பது என்று முடிவு செய்யும் உரிமை இல்லை.

கார்வர் இந்த அமைப்பை எதிர்த்து மேடை ஏறியவர் அல்லர். இனப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்ற விமர்சனமும் அவர் மீது உண்டு. யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடங்களில் அவர் வேலை செய்தார். வீட்டைச் சுற்றியுள்ள துண்டு நிலம், காட்டுச் சருகு, ஓக் கொட்டை, களிமண், கீரையாகும் களை. கடைக்காரரிடம் வாங்குவதைக் குறைத்தால் கடன் குறையும் என்பது அவர் கணக்கு. கடன் முறையை அந்தக் கணக்கால் உடைக்க முடியவில்லை. ஆனால் பல குடும்பங்களின் தட்டில் கூடுதலாக ஒரு கறி சேர்ந்தது.

பருத்தியின் பிடியைத் தளர்த்தியதில் ஒரு பூச்சிக்கும் பங்குண்டு. மெக்சிகோவில் இருந்து 1892-ஐ ஒட்டி டெக்சாஸுக்குள் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டு, 1910-களில் அலபாமாவைச் சூறையாடியது. வேறு வழியின்றி நிலக்காரர்களே நிலக்கடலைக்கு மாறினார்கள். அதில் நல்ல பணம் பார்த்த எண்டர்பிரைஸ் என்ற ஊர், 1919-இல் அந்தப் பூச்சிக்கே நினைவுச் சின்னம் வைத்தது. இந்த மாற்றம் முழுவதையும் கார்வரின் கணக்கில் எழுதுவது சரியாகாது. மாற வேண்டிய நேரம் வந்தபோது, எப்படிப் பயிரிடுவது, எப்படிப் பயன்படுத்துவது என்ற செய்தி ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. அது அவருடைய உழைப்பு.

புகழும் உண்மையும்

1921 ஜனவரியில், இறக்குமதி நிலக்கடலைக்கு வரி விதிப்பது பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லப் போனார். கொடுத்த நேரம் பத்து நிமிடம். முதலில் உறுப்பினர்கள் சிலர் கேலியாகப் பேசினார்கள். அவர் பெட்டியில் இருந்து நிலக்கடலைப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பொறுமையாக விளக்கினார். நேரத்தை அவர்களே நீட்டித்துக்கொண்டு போனார்கள். முடிவில் கைதட்டி அனுப்பினார்கள். 1922-இல் வந்த வரிச் சட்டத்தில் நிலக்கடலைக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

அன்று முதல் நாடே அவரை நிலக்கடலை விஞ்ஞானியாகக் கொண்டாடியது. ஆனால் அந்த 300 பொருள்களில் பெரும்பாலானவை கடைக்கு வரவில்லை. பலவற்றுக்குச் செய்முறை விவரத்தையே அவர் எழுதி வைக்கவில்லை. பெற்ற காப்புரிமைகள் மூன்றே மூன்று. அவையும் அழகுப் பொருள், வண்ணப்பூச்சு தொடர்பானவை. நிலக்கடலை எண்ணெய் தேய்த்தால் போலியோ குணமாகும் என்று பரவிய செய்தி அறிவியல் சோதனையில் நிலைக்கவில்லை. நிர்வாகத்திலும் அவர் சமர்த்தர் அல்லர். டஸ்கீகியின் கோழிப்பண்ணைப் பொறுப்பில் அவருக்கும் வாஷிங்டனுக்கும் அடிக்கடி உரசல் வந்தது.

இவற்றைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. கைதட்டல் வாங்கிய பட்டியலை ஒதுக்கி வைத்தால்தான் வண்டியும் வெளியீடுகளும் கண்ணுக்குத் தெரியும்.

தனக்கென்று அதிகம் செலவழிக்காதவர் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாள் சேமிப்பை டஸ்கீகியில் ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தக் கொடுத்துவிட்டார். 1942-இல், உலகப் போர் நடந்தபோது, உணவாகும் காட்டுக் கீரைகளைப் பற்றி ஒரு வெளியீடு எழுதினார். 1943 ஜனவரி 5 அன்று காலமானார். அவர் பிறந்த இடத்தை அதே ஆண்டில் அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது.

நமக்கு என்ன

ஒரு பரிந்துரையை ஊருக்குள் எடுத்துச் செல்லும் முன் களப்பணியாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் கார்வரின் வேலையிலேயே இருக்கின்றன. இதற்கு வேண்டிய பொருள் விவசாயியின் கையெட்டும் தூரத்தில் உண்டா? விளைந்ததை வீட்டில் என்ன செய்வார்கள், எங்கே விற்பார்கள்? எதை விதைப்பது என்ற முடிவு உண்மையில் யார் கையில் இருக்கிறது? குத்தகைதாரரிடம் நீண்ட காலத் திட்டம் பேசும்போது மூன்றாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. அதற்கு விடை தெரியாமல், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று விவசாயியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

விவசாயிகளுக்கு ஒரு சிறு வேலை. உங்கள் நிலக்கடலையோ தட்டைப்பயறோ பூக்கும் பருவத்தில் இருந்தால், ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுங்கள். வேரை நீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே குறைவாக இருந்தால், அடுத்த முறை விதைக்கும் முன் ரைசோபியம் கொண்டு விதை நேர்த்தி செய்யுங்கள். பிடுங்கிய செடியைப் பக்கத்து வயல்காரரிடமும் காட்டுங்கள்.